டொலேடோ: அரை நாளில் காட்டியதும் காட்டாததும்



மாட்ரிட்டில் மகள் வீட்டில் இருந்தபோது டொலேடோ போய்வந்த படங்களைப் போட்டிருந்தேன். "டீச்சர், இது என்ன ஊர், என்ன கதை?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். பெரியக்கா மட்டும் "அந்தக் கடையில் வாள் என்ன விலை?" என்று கேட்டாள். வாள் வாங்கவில்லை அக்கா. கதையை மட்டும் கொண்டுவந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஓய்வு பெற்றாலும் நாற்பத்தைந்து நிமிடப் பீரியட் பழக்கம் போகவில்லை.

போனது அரை நாள் சுற்றுலா. காலையில் மாட்ரிட்டில் பஸ் ஏற்றி, சுமார் 70 கிலோமீட்டர் தெற்கே கூட்டிப்போய், சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கைடு ஒரு இளம்பெண். சுறுசுறுப்பு, நல்ல குரல், யாரையும் தொலைக்காமல் கூட்டிப்போகும் சாமர்த்தியம் எல்லாம் உண்டு. பஸ் நகர எல்லையைத் தாண்டியதுமே அவர் சொன்னது இதுதான்: "டொலேடோ மூன்று பண்பாடுகளின் நகரம். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யூதர்களும் பல நூற்றாண்டு சமாதானமாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர்." துண்டுப் பிரசுரத்திலும் அதே வரி இருந்தது.

யாராவது இப்படிச் சொன்னால், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று கேட்பது வரலாறு நடத்தியவர்களின் வியாதி. கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "மேடம், இது அரை நாள் டூர்" என்றார். நியாயமான பதில்தான். மீதியை வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். பிறகு மகளோடு ரயிலில் இன்னொரு நாளும் போய்வந்தேன்.

முதலில் ஊரின் அமைப்பு. எல்லா பஸ்ஸும் ஆற்றின் எதிர்க்கரை மேட்டில்தான் முதலில் நிற்கும். டாகஸ் ஆறு ஒரு பாறைக் குன்றை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. குன்றின் மேல் நகரம். நாலாவது பக்கம் மதில் கட்டிவிட்டால் கோட்டை தயார். அதனால்தான் ஆறாம் நூற்றாண்டில் விசிகோத் அரசர்கள் இதைத் தலைநகராக்கினார்கள். 711-ல் ஸ்பெயினுக்குள் வந்த முஸ்லிம் படை விரைவிலேயே இந்த ஊரைப் பிடித்தது. 1561-ல் இரண்டாம் பிலிப் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றினார். அதற்குப் பிறகு பெரிதாக எதையும் இடித்துக் கட்டாமல் ஊர் தங்கிவிட்டது. நமக்கு அது லாபம். யுனெஸ்கோ 1986-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இனி கதைக்கு வருகிறேன்.

கோர்டோபாவின் கலீபா ஆட்சி 1031-ல் சிதறியபின் டொலேடோ ஒரு தனிச் சிற்றரசானது. அங்கே மாமூன் என்ற அரசர் அறிஞர்களை ஆதரித்தார். அர்சாக்கேல் என்று ஐரோப்பா பின்னால் அழைத்த அல்-ஸர்காலி இங்கேதான் வானத்தை அளந்தார். அதே காலத்தில் ஊரின் காஜியாக இருந்தவர் சாயித் அல்-அந்தலுசி. அவர் 1068-ல் உலக இனங்களின் அறிவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அறிவியலை வளர்த்த இனங்கள் எட்டு என்று வகுத்து, முதலிடத்தை யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? இந்தியர்களுக்கு. கிரேக்கர்கள் அதற்குப் பிறகுதான். நம் எண்கள், சதுரங்கம், "சிந்திந்த்" என்று அரபியில் ஆகிப்போன சித்தாந்த வானியல், ஆரியபடரின் பெயர் எல்லாம் அந்தப் புத்தகத்தில் வருகின்றன. இந்தியா தூரமாக இருப்பதால் அவர்களுடைய நூல்கள் நமக்குக் கொஞ்சமே கிடைத்திருக்கின்றன என்று வருத்தமும் படுகிறார். ஸ்பெயினின் நடுவில் உட்கார்ந்து ஒரு நீதிபதி இப்படி எழுதியிருக்கிறார். இதை எந்தப் பள்ளிப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை.

சாயித் இறந்து பதினைந்து வருடத்தில் ஊர் கைமாறியது. காஸ்டீல் அரசர் ஆறாம் அல்போன்சோ, தம்பி அண்ணன் சண்டையில் தோற்று 1072-ல் அகதியாக ஓடிவந்து தங்கியது இந்த மாமூனின் அரண்மனையில்தான். அவரே 1085 மே மாதம், மாமூனின் பேரனிடமிருந்து டொலேடோவைப் பிடித்தார். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று நம் பாட்டிமார்கள் சொல்லியிருப்பார்கள். ஆனால் முற்றுகை முடிந்தது உடன்படிக்கையில். முஸ்லிம்கள் உயிரோடும் உடைமையோடும் இருக்கலாம், பெரிய பள்ளிவாசல் அவர்களிடமே இருக்கும் என்பது பேச்சு. அந்தப் பேச்சு அதிக நாள் நிற்கவில்லை. அரசர் ஊரில் இல்லாத சமயம் புதிய பேராயரும் அரசியும் சேர்ந்து பள்ளிவாசலை எடுத்துக்கொண்டார்கள் என்று பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அதே இடத்தில் 1226-ல் தொடங்கிக் கட்டியதுதான் இன்று எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் பேராலயம்.

உள்ளே பலிபீடத்துக்கு அருகில் ஒரு தூணில் தலைப்பாகை கட்டிய முஸ்லிம் பெரியவர் ஒருவரின் சிலை இருக்கிறது. அபு வலீத் என்று பெயர். பள்ளிவாசல் பறிபோன கோபத்தில் அரசர் அரசியையும் பேராயரையும் தண்டிக்கப் போனபோது, வேண்டாம், அதனால் எங்கள் மேல்தான் பழி விழும் என்று இவர் தடுத்தார் என்பது மரபுக் கதை. பள்ளிவாசலை இழந்தவருக்கே அதே இடத்தில் நன்றிச் சிலை! எங்கள் டூர் பேராலயத்தை வெளியிலிருந்துதான் காட்டியது. இந்தச் சிலையை இரண்டாம் தடவைதான் பார்த்தேன்.

ஆட்சி மாறினாலும் ஊரின் பேச்சு மாறவில்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அங்கிருந்த பழைய கிறிஸ்தவர்களே அரபு பேசினார்கள். மொசராப் என்று அவர்களுக்குப் பெயர். 12, 13-ம் நூற்றாண்டுகளில் கிறிஸ்தவ அரசரின் ஆட்சியில் டொலேடோவில் எழுதிய கிரயப் பத்திரங்கள், உயில்கள் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அரபியில் இருக்கின்றன. அரசரின் கொடி ஒரு மொழி, வீட்டுப் பத்திரம் வேறு மொழி.

இப்படி ஒரு ஊர், அரபுப் புத்தகங்கள் நிறைந்த ஊர், லத்தீன் படித்தவர்கள் வந்துபோகக்கூடிய இடத்தில் அமைந்தபோது என்ன நடக்கும்? ஐரோப்பாவில் படிப்புப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாம் இங்கே வந்து சேர்ந்தார்கள். இதைத்தான் "டொலேடோ மொழிபெயர்ப்புப் பள்ளி" என்கிறார்கள். பள்ளி என்றதும் மணியடித்து வகுப்பு நடந்தது என்று நினைக்காதீர்கள். கட்டடம் எதுவும் கிடையாது. ஒரு மேஜை, இரண்டு பேர்.

அவ்வளவுதான் முறை. அரபு தெரிந்த யூதரோ மொசராபோ மூலத்தைப் படித்து, தெருவில் பேசுகிற ஸ்பானிய மொழியில் வாயால் சொல்லுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் பாதிரியார் அதைக் கேட்டு லத்தீனில் எழுதுவார். இப்னு சீனா ஆன்மாவைப் பற்றி எழுதிய நூலை அவெந்தவுத் என்ற யூத அறிஞரும் டொமினிகஸ் என்ற பாதிரியாரும் இப்படித்தான் செய்ததாக அதன் முன்னுரையே சொல்கிறது. ஒருவருக்கு மூலம் தெரியும், மற்றவருக்கு முடிவு மொழி தெரியும். இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தைப் பேச்சு மட்டும். காய்கறி விலை பேசுகிற மொழியின் மேல் ஏறித்தான் அரிஸ்டாட்டில் ஆற்றைக் கடந்தார்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் கிரெமோனாவின் ஜெரார்ட். இத்தாலிக்காரர். டாலமியின் "அல்மஜெஸ்ட்" என்ற வானியல் நூலைத் தேடி, லத்தீனில் எங்கும் கிடைக்காமல், டொலேடோ வந்தார். வந்து பார்த்தால் ஒவ்வொரு துறையிலும் அரபியில் அத்தனை புத்தகம். நம் ஆட்கள் இவ்வளவு ஏழைகளா என்று இரக்கப்பட்டு, அரபியைக் கற்றுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அல்மஜெஸ்ட் மொழிபெயர்ப்பு 1175-ல் முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து விளக்கியவர் காலிப் என்ற மொசராப். அவர் பெயர் நமக்குத் தெரிவது டேனியல் என்ற ஆங்கிலேய மாணவர் அதைத் தன் நூலில் எழுதிவைத்ததால்தான்.

ஜெரார்ட் 1187-ல் இறந்தார். தான் மொழிபெயர்த்த எதிலும் அவர் தன் பெயரைப் போட்டதில்லை. விளக்கைத் தூக்கியவர் இருட்டில் நின்றுவிடக் கூடாது, வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடவும் கூடாது என்று, அவருடைய மாணவர்கள் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினார்கள். 70-க்கும் மேற்பட்ட நூல்கள். யூக்ளிட், இப்னு சீனாவின் பெரிய மருத்துவ நூல், அல்-குவாரிஸ்மியின் அல்ஜீப்ரா எல்லாம் அதில் உண்டு. அந்தப் பட்டியலை அவர் மொழிபெயர்த்த ஒரு மருத்துவ நூலின் கடைசியில் கோத்துவைத்தார்கள். இன்று அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தப் பட்டியல்தான். (நீங்கள் எனக்குப் பட்டியல் எதுவும் போட வேண்டாம். அடித்த கணக்கெல்லாம் அதில் வந்துவிடும்.)

கணக்கு வாத்தியார் ஆகியிருக்கும் என் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், வகுப்பில் பயன்படும். வட்டத்தில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டைத் தமிழில் நாண் என்கிறோம். வில்லின் நாண். வடமொழியிலும் அதே உவமைதான்: ஜ்யா, ஜீவா. ஆரியபடர் அதில் பாதியை எடுத்துக் கணக்குப் போட்டார். அரபுக்காரர்கள் அந்த ஒலியை அப்படியே எடுத்து "ஜீப" என்று எழுதினார்கள். அரபியில் குறில் உயிர்க் குறிகளை எழுதுவதில்லை, "ஜீப" என்றால் அவர்கள் மொழியில் பொருளும் இல்லை. பின்னால் வந்தவர்கள் அதை "ஜைப்" என்று படித்தார்கள். ஜைப் என்றால் சட்டையின் மார்பு மடிப்பு. ஜெரார்டும் அவர் காலத்து லத்தீன்காரர்களும் மடிப்பு, வளைவு என்ற பொருளில் "சைனஸ்" என்று போட்டார்கள். பதினோராம் வகுப்பில் உங்களை அழவைத்த சைன் தீட்டா, மடிப்பாகிப் போன நம் வில் நாண்தான்.

கதைகளும் இதே வழியில் போயின. பஞ்சதந்திரம் பாரசீகம் போய், எட்டாம் நூற்றாண்டில் அரபியில் "கலீலா வ திம்னா" ஆயிற்று. டொலேடோவில் பிறந்த இளவரசர் அல்போன்சோ அதை ஸ்பானிய மொழியில் பெயர்க்கச் சொன்னார். அது 1251-ல் என்கிறார்கள். மறுவருடமே அவர் அரசரானார். "அறிஞர் அல்போன்சோ" என்று பெயர். அவருக்கு வானியல் அட்டவணை போட்டுக்கொடுத்த இருவரும் யூதர்கள். இவர் காலத்தில் லத்தீனுக்குப் பதிலாக மக்கள் மொழியே எழுத்து மொழியாக ஏறியது.

இதுவரை கைடு சொன்ன வாக்கியம் சரி போலத்தானே இருக்கிறது? ஆனால் இந்த மேஜையை வைத்துக்கொண்டு ஊர் முழுவதும் சமாதானம் என்று சொல்லிவிட முடியாது. "சேர்ந்து வாழ்தல்" என்று பொருள்படும் "கொன்விவென்சியா" என்ற சொல்லை இந்தக் காலத்துக்குப் பெயராக்கிப் பிரபலப்படுத்தியவர் அமெரிக்கோ காஸ்ட்ரோ என்ற ஸ்பானிய அறிஞர். அவர் புத்தகம் வந்தது 1948-ல். நடுக்காலத்து டொலேடோக்காரர் யாரும் தன் ஊரை அப்படி அழைத்துக்கொண்டதில்லை. மூன்று சமூகத்துக்கும் தனிச் சட்டம், தனி வரி. யூதர்களை அரசர் பாதுகாத்தது அவர்கள் அவருடைய கஜானாவுக்குத் தேவை என்பதால். தேவை தீர்ந்தால் பாதுகாப்பும் தீரும்.

அதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. டிரான்சிட்டோ என்ற யூத வழிபாட்டுக் கூடம். ஒன்றாம் பெட்ரோ அரசரின் பொருளாளர் சாமுவேல் ஹாலேவி 1350-களில் கட்டியது. சுவரின் மேல்பகுதி முழுவதும் எபிரேய எழுத்து, நடுவே காஸ்டீல் அரசின் சின்னம், அலங்காரத்தில் அரபு வரிகள். மரக்கூரையைப் பார்த்தபடி கழுத்து வலிக்கும்வரை நின்றேன். கட்டி முடித்துச் சில வருடங்களிலேயே அதே அரசர் அவரைக் கைது செய்தார். சித்திரவதையில் செவில்லாவில் இறந்துபோனார். சொத்து அரசருக்குப் போனது.

இன்னொரு கூடத்தை டூர்காரர்கள் எல்லோரும் காட்டுவார்கள். பெயர் சாந்தா மரியா லா பிளாங்கா, வெள்ளை மாதா. வரிசை வரிசையாக வெள்ளைத் தூண்கள், மேலே குதிரை லாட வளைவுகள். உள்ளே நுழைந்தால் பள்ளிவாசல் என்றுதான் தோன்றும். யூதர்கள் வழிபடுவதற்காக, கிறிஸ்தவ ஆட்சியில், முஸ்லிம் பாணியில் கட்டியது. கைடு இதைச் சொல்லும்போது குழுவில் எல்லோரும் "ஆகா" என்றார்கள். நானும்தான். ஆனால் யூதக் கூடத்துக்கு மாதா பெயர் எப்படி வந்தது? 15-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பறித்துத் தேவாலயமாக்கினார்கள். அப்படி வந்த பெயர். அந்த வாக்கியத்துக்குத்தான் டூரில் நேரமில்லை. ஆனால் தங்கக் கம்பி பதித்த தட்டும் வாளும் விற்கும் கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள்.

1391 கோடையில் செவில்லாவில் தொடங்கிய யூதர் படுகொலை டொலேடோவுக்கும் பரவியது. உயிருக்குப் பயந்து ஏராளமானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். சரி, இனி எல்லோரும் ஒரே மதம், பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போம். அங்கேதான் டொலேடோ ஐரோப்பாவுக்கு வேறொரு வழியைக் காட்டியது.

1449-ல் அரசரின் அமைச்சர் நகரத்திடம் பத்து லட்சம் மரவேதி பணம் கேட்டார். வசூல் செய்யும் பொறுப்பு அலோன்சோ கோத்தா என்ற வணிகரிடம் இருப்பதாக மக்கள் நினைத்தார்கள். அவர் மதம் மாறிய யூதக் குடும்பத்தவர். கூட்டம் அவர் வீட்டைக் கொளுத்தியது. கலகத்துக்குத் தலைமை எடுத்த பெட்ரோ சர்மியெந்தோவும் நகரத்தாரும் ஜூன் மாதம் ஒரு தீர்ப்பாணை எழுதினார்கள்: யூத வம்சத்தில் வந்தவர்கள், எத்தனை தலைமுறை கிறிஸ்தவர்களாக இருந்தாலும் சரி, நகரத்தில் பதவி வகிக்கக் கூடாது. போப்பாண்டவரே இதைக் கண்டித்தார். ஞானஸ்நானம் வாங்கியவர்களிடையே பேதம் கிடையாது என்றார். ஆனாலும் அந்த யோசனை சாகவில்லை. "ரத்தத் தூய்மை" என்று பெயர் வாங்கி நூறு வருடத்துக்குள் ஸ்பெயின் முழுவதும் பரவியது. 1547-ல் டொலேடோ பேராலயமே அதைச் சட்டமாக்கியது. கொண்டுவந்த பேராயர் ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளை. பெரிய குடும்பங்களில் கலப்பு உண்டு, எங்கள் குடிசையில் கிடையாது என்று பெருமைப்படுவதற்கு ஏழைக்கு அது ஒன்றுதான் இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் விளக்கம் தேவைப்படாது.

நடுவில் 1485-ல் மத விசாரணை மன்றம் டொலேடோவுக்கு வந்தது. அந்த வருடம் ஹுவான் சான்செஸ் என்ற துணி வியாபாரி, ரகசியமாக யூத வழக்கங்களைக் கடைப்பிடித்ததாக ஒப்புக்கொண்டு, அவமான அங்கி போட்டு ஏழு வெள்ளிக்கிழமை தேவாலயம் தேவாலயமாக ஊர்வலம் போனார். பிறகு ஊரை விட்டே போய் ஆவிலாவில் குடியேறினார். அவருடைய பேத்திதான் ஆவிலாவின் புனித தெரேசா. 1622-ல் புனிதர் பட்டம், 1970-ல் திருச்சபையின் மறைவல்லுநர் பட்டம். தாத்தாவின் வழக்கு விவரம் 20-ம் நூற்றாண்டில்தான் வெளியே வந்தது.

1492 மார்ச் 31-ல் வெளியேற்ற ஆணை. மதம் மாறாத யூதர்கள் ஜூலை முடிவதற்குள் போய்விட வேண்டும், தங்கம் வெள்ளி எதுவும் எடுத்துப்போகக் கூடாது. போனவர்கள் வீட்டுச் சாவியைக் கையோடு கொண்டுபோனதாகச் சொல்லும் கதைகள் அவர்கள் வம்சத்தில் இன்றும் உண்டு. அந்தச் சந்ததியினருக்கு ஸ்பெயின் 2015-ல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 523 வருடம்! காஸ்டீலின் முஸ்லிம்களுக்கு 1502-ல் அதே கேள்வி: மாறு அல்லது போ. மாறியவர்களையும் 1609-லிருந்து கப்பலேற்றினார்கள்.

"டான் கிஹோத்தே" நாவல் வந்தது 1605-ல், அந்தக் கப்பல்களுக்கு நாலு வருடம் முன்னால். அதன் ஒன்பதாம் அத்தியாயத்தில் செர்வாந்தெஸ் ஒரு வேடிக்கை செய்கிறார். கதை பாதியில் நின்றுவிடுகிறது. கதைசொல்லி டொலேடோவின் அல்கானா கடைத்தெருவில் ஒரு பையன் எடைக்குப் போடக் கொண்டுவந்த பழைய காகிதக் கட்டைப் பார்க்கிறார். அரபு எழுத்து. படிக்க ஆள் தேடுகிறார், அந்த ஊரில் அது ஒன்றும் கஷ்டமில்லை என்கிறார். மதம் மாறிய ஒரு முஸ்லிம் அகப்படுகிறார். பார்த்தால் அதுதான் டான் கிஹோத்தேயின் மீதிக் கதை! ஐம்பது ராத்தல் உலர்ந்த திராட்சையும் கொஞ்சம் கோதுமையும் கூலி பேசி, அவரைத் தன் வீட்டிலேயே உட்காரவைத்து ஒன்றரை மாதத்தில் மொழிபெயர்த்து வாங்குகிறார். ஜெரார்டின் மேஜைதான். ஆனால் நானூறு வருடம் கழித்து, மத விசாரணை மன்றம் நடக்கும் ஊரில், நகைச்சுவையாக மட்டுமே அதை எழுத முடிந்திருக்கிறது.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில குறிப்புகள். மாட்ரிட்டின் அத்தோச்சா நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அரை நாள் டூரை எடுத்தாலும் குற்றமில்லை, மூட்டுவலிக்காரர்களுக்கு அதுவே வசதி. மேட்டில் ஏற நகரும் படிக்கட்டு இருக்கிறது. டிரான்சிட்டோ கூடம் இப்போது அருங்காட்சியகம். திங்கட்கிழமை மூடியிருக்கும், அன்று போகாதீர்கள். 1000-மாவது ஆண்டை ஒட்டிக் கட்டிய ஒரு குட்டிப் பள்ளிவாசல் வடக்கு வாசல் பக்கம் இருக்கிறது, முகப்பில் செங்கல்லாலேயே அரபு எழுத்து அடுக்கியிருக்கிறார்கள். தவறவிடாதீர்கள். எல் கிரேக்கோவின் பெரிய ஓவியம் சாந்தோ தொமே தேவாலயத்தில், அவர் 1588-ல் வரைந்து முடித்த அதே இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மர்சிபான் என்ற பாதாம் இனிப்பு ஊர் முழுவதும் விற்கிறார்கள். நம் பாதாம் அல்வா அளவுக்கு இல்லை. பெரியக்காவுக்கு ஒரு பெட்டி வாங்கிவைத்திருக்கிறேன்.